புள்ளட நாரியில வால் மாதிரி ஒண்டு: வெட்டுறதா, நூல் கட்டுறதா, அப்பிடியே விடுறதா?

மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு இளம் தாய் எழுதின நீளமான கடிதம் இது. பேர், ஊர், ஆள அடையாளம் பிடிக்கிற மாதிரி இருந்த விசயங்கள எடுத்துட்டுச் சுருக்கித் தாறன்.

வயசு 27, முதல் புள்ள, பொம்புளப் புள்ள, பொறந்து ரெண்டு மாசமாகுது. சுகப் பிரசவம், நிறையும் நல்லம், பாலும் நல்லாக் குடிக்கிது. ஆனா பொறக்கக்குள்ளயே நாரிக்குக் கீழ, குண்டிப் பிளவு தொடங்குற இடத்துக்குக் கொஞ்சம் மேல, நடுவுல இருந்து லேசா இடப்பக்கம் தள்ளி, சின்ன விரல்ட பாதி நீளத்துக்கு மெத்தெண்ட சதை ஒண்டு தொங்குது. தடவிப் பாத்தா எலும்பு தட்டுப்படல்ல. அதுக்கு மேல கொஞ்சம் மயிர் குஞ்சம் மாதிரி இருக்கு, புள்ள அழக்குள்ள அது அசையுற மாதிரியும் இருக்காம். ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி ஊட்டுக்கு அனுப்பக்குள்ளயே ஸ்கேனுக்குத் திகதி எழுதிக் குடுத்திருக்காங்க, துடக்குக் கழியட்டும் எண்டு ஊட்டாக்கள் மறிச்சதுல அந்தத் திகதி போயிட்டு.

இப்ப ஊட்டுக்குள்ள ஆளுக்கொரு கதை. மாமி சொல்லுறாவாம் இது அனுமார்ட அடையாளம், கத்தி படப்படா எண்டு. அதே மாமிதான் இன்னொரு நேரம், வயித்துல ஏழு மாசம் இருக்கக்குள்ள சேனையில சோளத்துக்கு வந்த குரங்குக்கு நீ கல்லெறிஞ்ச, அந்தப் பாவந்தான் எண்டும் சொல்லுறா. புருசன்ட பெரியப்பா, இறுக்கி நூல் கட்டினா பாலுண்ணி மாதிரி வாடி விழுந்திடும் எண்டுறார். கடிதம் எழுதினவட தம்பி ஏ.எல் பயோ படிக்கிற புள்ள, இது எச்ச உறுப்பு, அப்பெண்டிக்ஸ் மாதிரி தேவையில்லாத கழிவுச் சாமான், யோசிக்காம வெட்டலாம், மனிசன் குரங்குல இருந்து வந்ததுக்கு இதுதான் ப்ரூஃப் எண்டு விளக்கம் குடுக்குறாராம். சித்தப்பா ஒருத்தர் கிறிஸ்தவ சபையில ஊழியம் செய்யிறவர், அவருக்கும் தம்பிக்கும் இதால பெரிய சண்டை. எல்லாத்துக்கும் மேல யாரோ சொந்தக்காரர் புள்ளய போட்டோ எடுத்து வட்ஸ்அப் குறூப்புல போட்டு, "குரங்குக் குழந்தை" எண்டு எழுதியிருக்காங்க. கடைசியில ஒரு வரி: பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் இருந்தா வாலெலும்பு நோகுது, நான் செஞ்ச ஏதும் பிழையா டொக்டர்?

தங்கச்சி, உங்கட பிழை ஒண்டும் இல்ல, ஏன் இல்ல எண்டுறத கீழ விவரமாச் சொல்லுறன். அதுக்கு முதல் அவசரமான விசயம். நான் புள்ளயப் பாக்கல்ல, நீங்க எழுதினத வச்சித்தான் கதைக்கிறன், ஆனா எழுதின அளவுலயே ஒண்டு தெளிவு: இந்தக் கிழமைக்குள்ள புள்ளயக் கொண்டு போய் முள்ளந்தண்டு ஸ்கேன் எடுக்கணும். துடக்கு, சடங்கு, நல்ல நாள் எதுக்கும் காத்திருக்காதீங்க. சின்னப் புள்ளைக்கு முள்ளந்தண்டிட பின்பக்கம் இன்னும் முழுசா எலும்பாகல்ல, குருத்தெலும்பாத்தான் இருக்கும், அதால சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்லயே உள்ள இருக்கிற நரம்புத் தண்டு தெரியும். மூணு நாலு மாசம் போக எலும்பு இறுகிரும், பிறகு அந்த ஸ்கேன்ல தெளிவாப் பாக்க ஏலாம எம்.ஆர்.ஐக்குத்தான் போகணும், அதுக்குச் சின்னப் புள்ளயத் தூங்க வைக்கணும், ஆடாம வச்சிருக்கணும், கரைச்சல். உங்களுக்கு இப்ப ரெண்டு மாசம், அந்த லேசான வழி இன்னும் திறந்துதான் இருக்கு.

நூல் கட்டுற கதைய இண்டைக்கே நிப்பாட்டுங்க

பெரியப்பா நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார், அவர்ட அனுபவத்துல கழுத்துப் பாலுண்ணி நூல் கட்டி விழுந்திருக்கும். இது அது இல்ல. நாரியில, நடு முதுகு வழியில, இப்பிடிச் சதை தொங்குறது, மயிர் குஞ்சமா முளைக்கிறது, ஆழமான குழி, கொழுப்புக் கட்டி, சிவந்த மறு, இதெல்லாம் தோலுக்கு வெளிய தெரியுற அறிகுறிகள், இதுக்கு நேர கீழ முள்ளந்தண்டு சரியா மூடாம இருக்கலாம் எண்டு சொல்லுற அறிகுறிகள். உங்கட புள்ளைக்கு இதுல ரெண்டு இருக்கு, சதையும் மயிரும். ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம், அப்பிடி இருந்தா எல்லாருக்கும் சந்தோசம். ஆனா அந்தச் சதைக்குள்ள இருக்கிற கொழுப்பு உள்ள போய் நரம்புத் தண்டோட ஒட்டியிருந்தா, இல்லாட்டி மூளைத் தண்டுவட நீர் இருக்கிற பை அதுக்குள்ள நீண்டிருந்தா, நூல் கட்டி அழுக வைக்கிறது எண்டா நேர மூளைக்காய்ச்சலுக்கு வாசல் திறந்து விடுறதுதான். நரம்பு சேதப்பட்டா காலும் மூத்திரமும் ஆயுசுக்கும் பாதிக்கும். வெளியால நல்ல சின்னதாத் தெரியும், அதுதான் ஆக்கள ஏமாத்துறது.

இன்னொண்டு, அழக்குள்ள அசையுது எண்டு எழுதியிருக்கீங்க. கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க: சுருங்கி அசையுதா, இல்லாட்டி பலூன் மாதிரிப் புடைச்சு இறுகுதா? சில பேருக்கு இதுக்குள்ள தசை நார் இருக்கிறதால சுருங்குறது உண்டு. புடைக்குதெண்டா அது வேற கதை, உள்ள நீரோட தொடர்பு இருக்கலாம், டொக்டர்ட்ட முதல் சொல்ல வேண்டிய விசயம் அதுதான். ஏலுமெண்டா அழக்குள்ள போன்ல ஒரு சின்ன வீடியோ எடுத்துக் கொண்டு போங்க, டொக்டருக்குக் காட்ட மட்டும்.

புள்ள காலை நல்லா ஆட்டுதே, பிறகென்ன எண்டு ஊட்டுல சொல்லுவாங்க. நரம்புத் தண்டு கீழ எங்கயாவது கொழுவிப்பட்டிருந்தா இப்ப ஒண்டும் தெரியாது. வழமையா அந்தத் தண்டு நாரிட மேல் பக்கத்துல முடிஞ்சு சும்மா மிதந்துகொண்டு இருக்கணும், கீழ ஒட்டியிருந்தா புள்ள வளர வளர இழுபடும், நடக்கத் தொடங்கக்குள்ள ஒரு பாதம் திரும்புறது, மூத்திரம் சொட்டுச் சொட்டா எப்பவும் வடியுறது, பள்ளிக்குப் போற வயசுல முதுகு நோ, இப்பிடிச் சுணங்கித்தான் காட்டும். காட்டினதுக்குப் பிறகு வைத்தியம் செஞ்சா போனது முழுசாத் திரும்பி வராது.

குரங்குக்குக் கல்லெறிஞ்சதுக்கும் இதுக்கும் நாள் கணக்கே பொருந்தாது

ஒரு கருவுல முள்ளந்தண்டுக் குழாய் மூடுறது கருத்தரிச்சு 28 நாளுக்குள்ள. கன பேருக்கு அந்த நேரம் தான் வயித்துல இருக்கிறதே தெரியாது. நீங்க சேனையில கல்லெறிஞ்சது ஏழாம் மாசம். அதுக்கு அஞ்சாறு மாசத்துக்கு முதலே இந்த இடம் எப்பிடி அமையணுமோ அப்பிடி அமைஞ்சு முடிஞ்சிட்டு. சோளத்தக் காப்பாத்தக் கல்லெறிஞ்சதெல்லாம் பாவத்துல சேத்தி எண்டா படுவான்கரையில ஒரு ஊடு மிஞ்சாது. கிரகணத்துல வெளிய போனது, அன்னாசி சாப்பிட்டது, இதுகளயும் கடிதத்துல கேட்டிருந்தீங்க, ஒண்டுக்கும் தொடர்பு இல்ல.

இதுல நீங்க கேக்காத ஒண்டையும் சேத்துச் சொல்லிடுறன். கருத்தரிக்க முதலே ஃபோலிக் அசிட் குளிசை எடுத்தா முள்ளந்தண்டு மூடாம விடுற பிரச்சினை நல்லாக் குறையும், அதுக்குத்தான் கலியாணம் முடிச்ச உடனயே மிட்வைப் மிஸ்ஸி வந்து பேரப் பதிஞ்சு குளிசை தாறது. சாதாரண அளவு ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம். நீங்க எடுத்தீங்களா இல்லயா எண்டு எழுதல்ல, எடுக்கல்ல எண்டாலும் இதுக்கு அதுதான் காரணம் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலா, எடுத்த தாய்மாருக்கும் இப்பிடி வாறது உண்டு. ஆனா ஸ்கேன்ல முள்ளந்தண்டுல குறை இருக்கெண்டு வந்தா, அடுத்த புள்ளைக்கு யோசிக்க முதல் டொக்டர்ட்டச் சொல்லுங்க, அப்ப இதவிடக் கூடின அளவு குளிசை தருவாங்க.

தம்பி சொல்லுறதுல சரியும் இருக்கு, பிழையும் இருக்கு

தம்பிட ஆர்வம் எனக்குப் பிடிச்சிருக்கு, அதால அவருக்குக் கொஞ்சம் நீளமாவே எழுதுறன், நீங்க வாசிச்சுட்டுக் குடுங்க.

தம்பி, எச்ச உறுப்பு எண்டா முந்திச் செஞ்ச வேலைய இப்ப செய்யாத, இல்லாட்டிக் கனக்கக் குறைஞ்சு போன உறுப்பு. "ஒரு வேலையும் இல்லாதது" எண்டு அதுக்கு அர்த்தம் இல்ல. பழைய ஊட்டுல குசினியா இருந்த அறைய இப்ப நெல்லு மூட்டை வைக்கப் பாவிக்கிறாங்க எண்டு வைங்க, சுவர்ல புகைக் கறை இருக்கிறதால அது குசினியா இருந்தது தெரியும், ஆனா இப்ப இடிச்சா நெல்லு நனையும். 1859ல டார்வின் இந்த மாதிரி உறுப்புகளப் பத்தி எழுதக்குள்ளயே, ஒரு வேலைக்கு உதவாமப் போன உறுப்பு இன்னொரு வேலைக்கு உதவலாம் எண்டுதான் எழுதினார். பிறகு 1893ல வீடர்சைம் எண்டு ஒரு ஜேர்மன் உடற்கூற்று ஆள் மனிச உடம்புல இப்பிடியானது 86 இருக்கெண்டு பட்டியல் போட்டார், அந்தப் பட்டியல்ல தைமஸ் சுரப்பியும் இருந்துது. 1961ல தான் தைமஸ் இல்லாட்டி நோய் எதிர்ப்புச் சக்தியே உருவாகாது எண்டு கண்டுபிடிச்சாங்க. அப்பெண்டிக்ஸ்லயும் நோய் எதிர்ப்புத் திசு நிறைய இருக்கு. பழுத்தா வெட்டத்தான் வேணும், இல்லாட்டா உயிருக்கு மோசம், ஆனா சும்மா இருக்கிறத "கழிவு" எண்டு வெட்டுற டொக்டர் இல்ல.

வாலெலும்பையே எடுங்க. உங்கட அக்காவுக்கு இருந்தா நோகுதே, அந்த எலும்புதான். நாலு சின்னக் கணு, ஆளுக்கு ஆள் மூணு இல்லாட்டி அஞ்சாவும் இருக்கும், ஒண்டோட ஒண்டு ஒட்டி நுனியில உள்பக்கமா வளைஞ்சு கிடக்கு. வால் உள்ள மிருகத்துக்கு வால் தொடங்குற இடத்துல இருக்கிற கணுக்கள் எதுவோ, நமக்கு இது அது. ஆட்டுறதுக்கு வால் இல்ல, ஆனா மலவாசலையும் கருப்பையையும் கீழயிருந்து தாங்குற தசைகள்ல முக்கியமானது இதுலதான் வந்து பிடிச்சிருக்கு, குண்டித் தசையிட ஒரு பகுதியும் இதுல இருக்கு. பிரசவத்துல புள்ளட தலை இறங்கக்குள்ள இந்த எலும்பு பின்னால விலகிக் குடுக்கும், அதுல அடிபட்டுத்தான் கன தாய்மாருக்கு இருந்தா எழும்பினா நோகுறது. (தங்கச்சி, உங்களுக்கு: பின்பக்கம் வெட்டின குஷன் ஒண்டு வச்சி முன்னுக்குச் சரிஞ்சு இருங்க, சுடுதண்ணி ஒத்தணம் குடுங்க, கன பேருக்குக் கொஞ்ச மாசத்துல மாறிரும். மாறாட்டி, காய்ச்சல் வந்தா, கால் விறைச்சா காட்டுங்க.)

இப்ப கேள்வி, அக்காட புள்ளைக்கு இருக்கிறது நம்மட மூதாதையர்ட வாலா? தம்பி ஓம் எண்டு அடிச்சுச் சொல்லுறார். முந்தி டொக்டர்மாரும் அப்பிடித்தான் பிரிச்சாங்க, உண்மையான வால், போலி வால் எண்டு. இப்ப அந்தப் பிரிப்புல நம்பிக்கை குறைஞ்சு போச்சு, ஏனெண்டா "உண்மையான வால்" எண்டு சொன்ன புள்ளைகளுக்கும் உள்ள முள்ளந்தண்டுல குறை இருக்கிறது தெரிய வந்திட்டு. குரங்குட வாலுக்குள்ள கணுக்கணுவா எலும்பு இருக்கு, புள்ளைகள்ட இந்தச் சதைக்குள்ள தோல், கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய், சில நேரம் தசை, வழமையா அவ்வளவுதான். 2006ல ஜப்பான்ல தைஜி எண்ட ஊர்ப் பக்கம் ஒரு டொல்பின் பிடிச்சாங்க, அதுக்கு வாலுக்குக் கிட்ட வழமையா இல்லாத ஒரு சோடி செட்டை, பின்னங்கால் இருக்க வேண்டிய இடத்துல. டொல்பின்ட மூதாதை தரையில நாலு காலால நடந்த மிருகம், உள்ள இடுப்பெலும்பிட சின்னத் துண்டு எல்லா டொல்பினுக்கும் இருக்கு, அதால பழசு ஒண்டு திரும்பி எட்டிப் பாத்திருக்கு எண்டு சொல்ல அங்க இடமிருக்கு. மருமகளுக்கு இருக்கிறதப் பத்தி அப்பிடிச் சொல்ல இந்த எழுத்தில இருக்கிற விவரம் காணாது. ஸ்கேன் எடுக்க முதல் ஒருத்தரும் சொல்லப்படா.

ஆனா தம்பி, ப்ரூஃப் தேடி மருமகள்ட்டப் போகத் தேவல்ல, வால் இல்லாத எங்க எல்லார்ட்டயும் அது இருக்கு. கருவுல அஞ்சாம் ஆறாம் கிழமையில மனிசக் கருவுக்கு வால் இருக்கு, அதுக்குள்ள பத்துப் பன்னெண்டு கணு. எட்டாம் கிழமை முடியக்குள்ள அது சுருங்கி உள்ள போயிரும். (இது கருத்தரிச்ச நாளில இருந்து எண்ணுற கணக்கு, கிளினிக்ல மாதவிடாய் நாளில இருந்து எண்ணுறதால ரெண்டு கிழமை கூட்டிப் பாக்கணும்.) பறக்காத, தொங்காத, வாலால ஒரு வேலையும் இல்லாத ஒரு உசிருக்கு என்னத்துக்கு வால் கட்டி மறுகா அழிக்கணும்? பழைய பாதையாலதான் உடம்பு இன்னமும் வருது.

2024ல இன்னொண்டு வெளிவந்துது, நேச்சர் சஞ்சிகையில. நியூயோர்க் பல்கலைக்கழகத்து ஆக்கள் செஞ்சது. வால் வளர உதவுற ரிபிஎக்ஸ்ரி எண்ட மரபணுவுக்குள்ள, கிட்டத்தட்ட ரெண்டரைக் கோடி வருசத்துக்கு முதல், வேற இடத்துல இருந்து ஒரு சின்ன டி.என்.ஏ துண்டு வந்து செருகுப்பட்டிருக்கு. அது மனிசன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் எல்லாத்துலயும் இருக்கு, இவங்க ஒருத்தருக்கும் வால் இல்ல. வால் உள்ள குரங்குகள்ல அந்தத் துண்டு இல்ல. எலிக்கு அதே மாதிரி மாத்தம் செஞ்சு பாத்தாங்க, சில எலிக்கு வால் குட்டை, சில எலிக்கு வாலே இல்ல. எனக்கு இதுல பிடிச்சது அடுத்த வரிதான்: அதுல சில எலிக்கு முள்ளந்தண்டு சரியா மூடாம விட்டுட்டு. வால் போனதுக்கு நம்மட மூதாதையர் குடுத்த விலை அதுவா இருக்கலாம் எண்டு அவங்க கேக்குறாங்க, முடிவாச் சொல்லல்ல. மருமகள்ட நோய்க்குக் காரணம் இதுதான் எண்டு இத வச்சி யாரும் சொல்ல ஏலா, ஆனா வாலும் முள்ளந்தண்டும் ஒரே இடத்துல ஏன் பின்னுப்பட்டுக் கிடக்கு எண்டு விளங்கும்.

இதுலயே இன்னொரு பிழையும் திருத்துப்படுது. மனிசன் சேனைக்கு வாற குரங்குல இருந்து வரல்ல. அதுவும் நாமளும் தூரத்துச் சொந்தம், பழைய மூதாதை ஒண்டு ரெண்டு பேருக்கும் பொது. வால் போனது மனிசன் மனிசனாக முதலே, வாலில்லாக் குரங்குகளோட சேந்து இருந்த காலத்துல. அப்ப வால் மாதிரி ஒண்டு வந்தா புள்ள குரங்காகிட்டு எண்டு சொல்லுறது டார்வின்ட கணக்குலயும் பிழை.

கண்ணால பாக்கணுமெண்டா தம்பி, பட்டிக்குப் போய் ஒரு மாட்டிட காலுக்குப் பின்னால குந்திப் பாருங்க. பெரிய குளம்பு ரெண்டு நிலத்துல ஊண்டி இருக்கும். அதுக்கு மேல, பின்பக்கம், நிலத்துல படாம ரெண்டு மொட்டுக் குளம்பு ஒட்டிக்கொண்டு இருக்கும், சேறு காஞ்சு அடைச்சிருக்கும், பால் கறக்கிறவங்க தினமும் காணுறதுதான், யோசிக்கிறதில்ல. அஞ்சு விரல் இருந்த பாதத்துல மிஞ்சின ரெண்டு விரல் அது. ஆழச் சேத்துல புதையக்குள்ள அதுவும் கொஞ்சம் ஊண்டும், அதால அதையும் முழுக்க வீணெண்டு சொல்ல மாட்டன். வயல்ல மலைப்பாம்பக் கண்டா கிட்டப் போகாதீங்க, செத்துக் கிடந்தா மட்டும் பாருங்க, வால் தொடங்குற இடத்துல கழிவு வாசலுக்கு ரெண்டு பக்கமும் நகம் மாதிரி ஒரு முள் நீட்டிக்கொண்டு இருக்கும், கால் இருந்த காலத்து மிச்சம், உள்ள தொடையெலும்பிட துண்டும் இருக்கு. ஆண் பாம்புக்கு அது பெருசு, இணை சேரக்குள்ள பெட்டையத் தடவ அதத்தான் பாவிக்கும். ஓடுற வேலை போய் வேற வேலை வந்திட்டு, பாத்தீங்களா.

மருமகள்ட்டயே ஒண்டு பாக்கலாம், இதுக்குக் கத்தியும் வேணாம் ஸ்கேனும் வேணாம். புள்ளட உள்ளங்கையில உங்கட விரல வைங்க, இறுக்கிப் பிடிக்கும், எடுக்க விடாது. உள்ளங்காலுல வச்சாலும் விரல மடிக்கும். தாய்ட மயிரப் பிடிச்சுத் தொங்கின குட்டிகள்ட பழக்கத்திட மிச்சம் இது எண்டு கன ஆராய்ச்சியாளர் நினைக்கிறாங்க. அஞ்சாறு மாசத்துல கைப்பிடி தானா மறைஞ்சிரும், மறையாட்டித்தான் நாங்க யோசிப்பம். ரெண்டு காலுலயும் ஒரே மாதிரி மடக்குதா எண்டு டொக்டரும் பாப்பாங்க, ஏனெண்டா நாரி நரம்பு சரியா வேலை செய்யுதா எண்டு அதுல தெரியும்.

மாமிக்கும் சித்தப்பாவுக்கும்

தங்கச்சி, மாமியோட சண்டைக்குப் போகாதீங்க. மாமாங்கக் கோயில் குளத்துலதான் அனுமார் வால்நெருப்ப நூத்தார் எண்டு கேட்டு வளந்த ஆக்கள் நாங்க, பேத்திட முதுகுல வால் மாதிரி ஒண்டக் கண்டா மாமிக்கு அனுமார் நினைவு வாறது இயல்பு. வேணுமெண்டா ஸ்கேனுக்குப் போற வழியில மாமாங்கத்துல இறங்கிக் கும்புட்டுட்டுப் போங்க, மாமியையும் கூட்டிப் போங்க. ஸ்கேன் எண்டா வயித்துல இருக்கக்குள்ள உங்களுக்குப் பிடிச்ச அதே மாதிரி ஜெல் பூசிப் பாக்குறது, கத்தி இல்ல, ஊசி இல்ல எண்டு அவக்கு விளங்கப்படுத்துங்க, அவட பயமே கத்தியிலதான்.

சித்தப்பாவுக்கும் தம்பிக்கும் நடக்கிற சண்டைய அவங்க பாட்டுக்கு விடுங்க. கூர்ப்ப (டார்வின் சொன்ன பரிணாமத்த) நம்புறவருக்கும் நம்பாதவருக்கும் புள்ளட முள்ளந்தண்டு ஒண்டுதான், டொக்டர் செய்யப் போறதும் ஒண்டுதான்.

ஸ்கேனுக்குப் பிறகு

மூணு விதமா வரலாம். உள்ள ஒண்டும் இல்ல, தோலுக்கு மேல மட்டும் எண்டு வந்தா, அதை எடுக்கிறது சின்ன ஒப்பரேசன், அவசரமும் இல்ல, அழகுக்காகவும் பின்னால பள்ளியில நக்கலுக்குப் பயந்தும் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். ஸ்கேன் சரியாத் தெரியல்ல, சந்தேகம் எண்டு வந்தா எம்.ஆர்.ஐ கேப்பாங்க, உங்கட புள்ளைக்கு ரெண்டு அறிகுறி இருக்கிறதால ஸ்கேன் நல்லமெண்டு வந்தாலும் கேக்கலாம், ஏன் எண்டு கோவப்படாதீங்க. நரம்புத் தண்டு ஒட்டியிருக்கு எண்டு வந்தா மூளை நரம்புச் சத்திரசிகிச்சை டொக்டர் பாக்கணும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ எங்க அனுப்புறதெண்டு அவங்க முடிவெடுப்பாங்க. அரச ஆஸ்பத்திரியில இதெல்லாம் இலவசம், காசுக்குப் பயந்து நிக்காதீங்க. வெளிய தெரியுற சதைய மட்டும் வெட்டி விட்டுட்டு உள்ள இருக்கிறத விட்டா பிரச்சினை மறைஞ்சு போகும், தீராது. அதாலதான் "சின்ன விசயம், இண்டைக்கே வெட்டித் தாறன்" எண்டு எந்த இடத்துலயும் ஆர் சொன்னாலும் ஸ்கேன் எங்க எண்டு கேளுங்க.

புள்ளயக் கிளினிக்குக்குக் கொண்டு போக உங்களுக்கு ஒருத்தர்ட அனுமதியும் தேவல்ல, நீங்க தாய். ஒப்பரேசன் எண்டு வந்தா எழுத்துல சம்மதம் கேப்பாங்க, அப்ப என்ன செய்யப் போறீங்க, செய்யாட்டி என்னாகும், மயக்க மருந்துல என்ன ஆபத்து எண்டு கேக்கிறது உங்கட உரிமை, விளங்காட்டித் தமிழ்ல திருப்பிச் சொல்லச் சொல்லுங்க, இன்னொரு டொக்டர்ட்டக் கேட்டுட்டு வாறம் எண்டும் சொல்லலாம். புருசனையும் கூட்டிக்கொண்டு போனா நல்லம், ஊட்டுல நாலு பேர் கேக்கக்குள்ள நீங்க தனிய நிண்டு விளங்கப்படுத்தத் தேவல்ல.

அந்தப் போட்டோ

இத வாசிக்கக்குள்ளதான் எனக்கு உண்மையா கோவம் வந்துது. குறூப் நடத்துறவருக்கு புருசன்ட போன்ல இருந்து ஒரு மெசேஜ்: அழிக்கணும், வேற எங்கயும் அனுப்பினவங்களும் அழிக்கணும் எண்டு, சண்டை இல்லாம, நேர. அதுக்கு முதல் போட்டோவும் எழுதினதும் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சுக்கொள்ளுங்க. அழிக்க மாட்டம் எண்டா பிரதேச செயலகத்துல சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவர்ட்டப் போங்க, இல்லாட்டி 1929க்கு அடிங்க, அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைட இலக்கம். இனி ஊட்டுக்கு வாறவங்களுக்கு புள்ளட முதுகக் காட்டிக்கொண்டு இருக்காதீங்க, டொக்டருக்கும் மிட்வைப் மிஸ்ஸிக்கும் காட்டினாக் காணும். உங்களுக்கு ராவுல நித்திரை இல்ல, அழுகையா வருது எண்டும் எழுதியிருந்தீங்க, அதையும் மிஸ்ஸிட்ட மறைக்காமச் சொல்லுங்க, பிரசவத்துக்குப் பிறகு வாற மனச்சோர்வுக்கும் நல்ல வைத்தியம் இருக்கு.

போகக்குள்ள புள்ளட கிளினிக் கொப்பி, துண்டு வெட்டின காகிதம், தவறின அந்த ஸ்கேன் துண்டு மூணையும் எடுத்துப் போங்க. திகதி தவறிட்டு, ஏசுவாங்க எண்டு பயந்து நிக்காதீங்க, ஏசினாலும் ஸ்கேன் எடுத்துத் தருவாங்க. அதுக்கிடையில அந்தச் சதையில இருந்து தண்ணி மாதிரி ஏதும் கசிஞ்சா, சிவந்து சுட்டா, காய்ச்சல் வந்தா, கால் அசையுறது குறைஞ்சா, மூத்திரம் போகாம வயிறு ஊதினா, தலை வேகமாப் பெருக்கிற மாதிரி இருந்தா கிளினிக் நாளைப் பாக்காம அந்த நேரமே கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, ராவா இருந்தாலும். அந்த இடத்துல எண்ணெய் பூசி உருவாதீங்க, மருந்து, திருநூறு ஒண்டும் அப்பாதீங்க, பேம்பர்ஸ்ட இலாஸ்டிக் உரசாமக் கொஞ்சம் கீழ இறக்கிக் கட்டுங்க, மலம் பட்டா உடனே சுத்தத் தண்ணியில கழுவி ஒத்தி எடுங்க. ஸ்கேன் ரிப்போட் கையில கிடைச்சா அதுல இருக்கிறத அப்பிடியே பாத்து எழுதி அனுப்புங்க, விளங்காதத நான் விளங்கப்படுத்துறன்.